நாய்க்கு மண்ணீரல் கட்டி: கேள்வி பதில்

கேள்வி (கல்லடி): எங்கட அல்சேஷனுக்கு 10 வயசு. நேற்றுப் பின்னேரம் கால் மடிஞ்சு விழுந்தது. இண்டைக்குச் சோறு தின்னுது, வாலாட்டுது. வெயில் மயக்கமா டொக்டர்?

பதில்: வெயில் என்று விட்டுடாதீங்க. வயசான பெரிய நாய் இப்படி விழுந்து மறுநாள் எழும்பினால் முதலில் மண்ணீரலைத்தான் சந்தேகிக்க வேணும். அங்கே வரும் ஹீமஞ்சியோசார்கோமா, இரத்தக்குழாயின் உட்சுவர்க் கலங்களில் தொடங்கும் புற்றுநோய். கட்டி வெடித்தால் வயிற்றுக்குள் இரத்தம் கசியும். கசிவு நின்றதும் அதில் பெரும்பங்கை உடம்பே திரும்ப உறிஞ்சிவிடும். இன்றைய தெம்பு அதனால் வந்ததாக இருக்கலாம்.

இப்பவே உதட்டைத் தூக்கி முரசை விரலால் அழுத்தி விடுங்க. வெளிறின இடம் 2 செக்கனுக்குள் சிவக்க வேணும். கறுத்த முரசென்றால் கீழ் இமையை இழுத்துப் பாருங்க. வெளிறி இருந்தாலோ, சிவக்கப் பிந்தினாலோ, வயிறு உப்பி மூச்சு வாங்கினாலோ உடனே கொண்டுபோங்க. இல்லாவிட்டாலும் இன்றே வயிற்று ஸ்கேன். வாகனத்தில் ஏற்றும்போது நெஞ்சுக்கும் பின்தொடைக்கும் கீழே கை கொடுங்க, வயிற்றை அமத்த வேண்டாம். அஸ்பிரின், இபுப்ரோஃபென், பனடோல் எதுவும் கொடுக்காதீங்க.

கேள்வி (அக்கரைப்பற்று): உண்ணிக் காய்ச்சலிலயும் முரசு வெளிறுமே?

பதில்: வெளிறும், நம்ம பக்கம் அதுவும் தாராளம். உண்ணி பரப்பும் பபேசியா என்ற இரத்தக் கிருமியில் காய்ச்சல் இருக்கும், சிறுநீர் சாயத்தேத்தண்ணி நிறத்தில் போகலாம். இரத்தப் பூச்சில் பார்க்கலாம். சிக்கல் என்னவென்றால், இரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் இரண்டு நோயிலும் குறையும். அதை மட்டும் வைத்து உண்ணிக் காய்ச்சல் மாத்திரை தந்தால், வயசான நாய்க்கு ஸ்கேனும் கேட்டு வாங்குங்க.

கேள்வி (வாழைச்சேனை): ஸ்கேனில மண்ணீரல் கட்டி. ஊசி குத்திப் பார்க்கவா?

பதில்: வேண்டாம். கசியும் ஆபத்து, வருவதும் பெரும்பாலும் வெறும் இரத்தம். நெஞ்சு எக்ஸ்ரேயும் இதய ஸ்கேனும் எடுங்க. இதயத்தின் வலது மேலறையிலும் இந்தப் புற்று வரும். பரவல் தெரியாவிட்டால் மண்ணீரலை முழுதாக எடுப்பதுதான் வழி. அது இல்லாமல் நாய் வாழும். ஒபரேஷனுக்குப் பிறகு ஒன்றிரண்டு நாள் இதயத்துடிப்பு தடுமாறலாம், கண்காணிப்பில் வைக்க வேணும்.

எடுத்ததைக் குப்பையில் போட விடாதீங்க. வெறும் இரத்தக்கட்டும் தீங்கற்ற முடிச்சும் கண்ணுக்குப் புற்றுப் போலத்தான் தெரியும். கட்டியும் நல்ல தசையும் சேரும் ஓரத்தில் பல துண்டு வெட்டி, 10 மடங்கு அளவு 10% ஃபோர்மலினில் போட்டு ஆய்வுக்கு அனுப்புங்க. முழு மண்ணீரலைச் சின்னப் போத்தலில் திணித்தால் நடுப்பகுதி அழுகிப்போகும். பேராதனை மிருக வைத்திய போதனா வைத்தியசாலையில் கேட்டுப் பாருங்க.

கேள்வி (களுவாஞ்சிக்குடி): புற்றுதான் எண்டு வந்திட்டுது. எவ்வளவு காலம்?

பதில்: ஒபரேஷன் மட்டும் என்றால் பொதுவாக 1 முதல் 3 மாதம். டொக்சோருபிசின் என்ற புற்றுநோய் ஊசிமருந்தும் சேர்த்தால் 4 முதல் 6 மாதம். மருந்தளவு உடற்பரப்பில் சதுர மீற்றருக்கு 30 மில்லிகிராம், 2-3 கிழமைக்கு ஒருமுறை, 4 தொடக்கம் 6 தடவை. சின்ன நாய்க்குக் கிலோவுக்கு 1 மில்லிகிராம். நாளத்துக்கு வெளியே சிந்தினால் தசை வெந்து அழுகும், மொத்த அளவு கூடினால் இதயத்தைக் கெடுக்கும். கடன்பட்டுச் செய்யுங்கள் என்று நான் சொல்லமாட்டேன்.

கேள்வி (திருக்கோவில்): வெள்ளை நாய், அடிவயிற்றில சின்னச் சிவப்புப் பொட்டு.

பதில்: மயிர் குறைந்த வெள்ளைத் தோலில் வெயிலாலும் ஹீமஞ்சியோசார்கோமா வரும். தோலோடு நின்றால் சுற்றியுள்ள நல்ல தோலும் சேர்த்து வெட்டினாலே பலதுக்குப் போதும். தோலுக்குக் கீழே இறங்கியிருந்தால் கதை வேறு. அப்போது வயிறு, நெஞ்சு, இதயம் எல்லாம் பார்க்க வேணும்.