கோல்ஃப் பழகத் தொடங்குபவருக்கு அமெச்சூர் ஆட்டக்காரர் கற்றுத்தரலாமா, தொழில்முறைப் பயிற்சியாளரிடம் விட்டுவிடுவதே நல்லதா?

வேலூரில் வேலை பார்ப்பதாகவும், அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் தாமே கோல்ஃப் கற்றுத்தருவதாகச் சொல்வதாகவும், அதை ஏற்பதா அல்லது பணம் செலவழித்துப் பயிற்சியாளரைத் தேடிப் போவதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆட்டத்தை அந்த மூத்தவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் மட்டையைப் பிடிக்கும் முறையையும் வீசும் முறையையும், அதாவது கிரிப்பையும் ஸ்விங்கையும், பயிற்சியாளரிடம் கற்ற பிறகே அவரோடு களத்துக்குப் போங்கள்.

நான் ராணிப்பேட்டையில் தோல் தொழிலில் இருப்பவன். பெங்களூரில் வேலை பார்த்த காலத்தில் முறையாகப் பயிற்சி பெற்று ஆடத் தொடங்கினேன். இன்றும் அமெச்சூராகவே, அதாவது ஆட்டத்தைத் தொழிலாகக் கொள்ளாமல், ஆடுகிறேன். அமெச்சூர் என்றால் திறமை குறைந்தவர் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. தொழில்முறை ஆட்டக்காரர்களும் மோதும் இந்தியன் ஓப்பன் போட்டியின் பட்டத்தை 1965இல் பி. ஜி. சேத்தி அமெச்சூராகவே வென்றார். எனவே உங்கள் மூத்தவர் நன்றாக ஆடுகிறாரா என்பது இங்கே கேள்வியே இல்லை. நன்றாக ஆடுவதற்கும், அடுத்தவர் உடம்பில் எது பிசகுகிறது என்று கண்டுபிடிப்பதற்கும் வேண்டிய பயிற்சிகள் வெவ்வேறு.

புதிதாக ஆடுபவர் எல்லோரிடமும் காணப்படும் ஒரு பிழையை எடுத்துக்கொள்வோம். மட்டையின் அடிவிளிம்பு பந்தின் மேல்பாதியில் பட்டு, பந்து எழும்பாமல் தரையோடு உருண்டு ஓடும். பக்கத்தில் நிற்கும் நண்பர் உடனே, 'தலையைத் தூக்கிவிட்டாய், பந்தையே பார்' என்பார். பெரும்பாலான நேரங்களில் தலை எழுவது காரணம் அல்ல, விளைவுதான். பந்தை மேலே கிளப்ப வேண்டும் என்ற நினைப்பில் ஆடுபவர் உடல் எடையைப் பின்காலிலேயே வைத்துக்கொள்கிறார். பந்தைத் தொடும் கணத்தில் கைகளை மடக்குகிறார். அதனால் மட்டை தரையை எட்டுவதில்லை. பந்தைக் கிளப்பும் வேலையை மட்டையின் முகத்தில் இருக்கும் சாய்வே பார்த்துக்கொள்ளும் என்பதை அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நண்பரின் பேச்சைக் கேட்டுத் தலையை இறுக்கிக் கீழேயே வைத்திருப்பவர், அடித்த பின் உடல் இயல்பாகத் திரும்பவும் முடியாமல், இடுப்புக்கு மேல் முதுகை முறுக்கிக்கொள்கிறார். பந்து அப்போதும் உருண்டுதான் ஓடும். முதுகுவலி கூடுதலாக வந்து சேரும்.

வலப்பக்கம் வளைந்து போகும் பந்தின் கதை இதைவிட மோசம். வலக்கை ஆட்டக்காரருக்கு இந்த ஸ்லைஸ் வருவதற்குக் காரணம், மட்டை வீசப்படும் பாதையைவிட மட்டையின் முகம் வலப்புறம் திறந்திருப்பதே. பந்து புறப்படும் திசையைப் பாதைதான் தீர்மானிக்கிறது என்று நெடுங்காலம் நம்பியிருந்தார்கள்; ராடார் கருவிகளால் அளக்கத் தொடங்கிய பிறகுதான், அதில் முக்கால் பங்கு அல்லது அதற்கும் மேல் முகத்தின் கோணத்தைப் பொறுத்தது என்று தெளிவாயிற்று. பழைய நம்பிக்கையிலேயே ஆடிவரும் நண்பர்கள் இன்றும் பலர். 'பந்து வலப்பக்கம் போகிறதா, இடப்பக்கம் குறிபார்த்து அடி' என்று அவர்கள் சொல்லும்போது, கற்பவர் மட்டையை இன்னும் இடப்புறமாக வீசுகிறார். முகமோ பழைய இடத்திலேயே இருக்கிறது. இரண்டுக்கும் உள்ள இடைவெளி கூடக் கூட வளைவும் கூடுகிறது. நல்ல மனத்தோடு சொன்ன அறிவுரைதான் பிழையை வளர்க்கிறது என்பதை இருவருமே உணர்வதில்லை. அந்த நண்பருக்கு ஒரு காலத்தில் எந்த மருந்து பலித்ததோ அதையே அவர் அடுத்தவருக்கும் கொடுக்கிறார். கற்பவரின் நோய் வேறாக இருக்கலாம் என்பதைப் பார்க்க அவருக்கு யாரும் பழக்கிக் கொடுத்ததில்லை.

என் தொழில் காரணமாக ஆட்டக்காரர்களின் கையுறைகளை நான் உற்றுப் பார்ப்பது உண்டு. மெல்லிய ஆட்டுத் தோலில் செய்த கையுறை, தன்னை அணிந்தவர் மட்டையை எப்படிப் பிடிக்கிறார் என்பதை மறைக்காமல் காட்டிவிடும். நண்பரிடம் பழகிய ஓர் இளைஞரின் இடக்கைக் கையுறையைச் சென்ற கோடையில் வாங்கிப் பார்த்தேன். விரல்கள் எல்லாம் கடையில் வாங்கிய நிலையிலேயே இருந்தன. உள்ளங்கையின் அடிமேட்டில் மட்டும் மேற்பூச்சு உரிந்து, நார் தெரிந்து, ஒரு சிறு ஓட்டை விழத் தொடங்கியிருந்தது. மட்டையை விரல்களில் குறுக்காகக் கிடத்தாமல் உள்ளங்கையில் வைத்துப் பிடித்தால் ஒவ்வொரு வீச்சிலும் அது அந்த இடத்தில் வழுக்கி உராயும். வழுக்குவதால் இன்னும் இறுக்கிப் பிடிக்கத் தோன்றும். இறுக்கினால் மணிக்கட்டு மடங்காது, முழங்கையின் உட்பக்கத்தில் வலி பிடிக்கும். அவருக்கும் வலி இருந்தது. கற்றுக்கொடுத்தவர் ஸ்விங்கைப் பற்றி எத்தனையோ சொல்லியிருந்தார். கிரிப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அந்த இளைஞர் தேடிப் போன பயிற்சியாளர் முதல் பாடம் முழுவதையும் கிரிப்பிலேயே செலவிட்டார். பழகிப்போன கிரிப்பை மாற்றுவது எவ்வளவு கடினம் என்பதை அந்த இளைஞரைப் பார்த்தாலே தெரியும். சரியான பிடி மாதக் கணக்கில் அவருக்கு அந்நியமாகவே இருந்தது.

நம் ஊர்ப் பக்கத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. மொட்டை மாடியில் வலை கட்டி, பாய் விரித்துப் பழகுபவர்கள்தான் எங்களில் அதிகம். திறந்த களத்தில் பந்து போகும் போக்கே பாதிப் பாடத்தைச் சொல்லிவிடும். வலையில் அடிக்கும்போது பந்து எங்கே போயிருக்கும் என்று தெரியாததால், பக்கத்தில் இருப்பவரின் வாய்ச்சொல் ஒன்றே சான்றாகிவிடுகிறது. பிழையான சொல் மிகுந்த வேகத்தில் வேர்விடும் இடம் அதுதான். வேலூர் வெயிலுக்குப் பயந்து மாலைக்குள் நூறு பந்து அடித்துவிடும் அவசரமும் இதோடு சேர்ந்துகொண்டால், தவறான அசைவு உடம்பில் படிந்துவிடும்.

யாரிடமும் பாடம் கேட்காமலே உயர்ந்தவர்கள் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறார்கள். கேடியாக (caddie), அதாவது ஆட்டக்காரர்களின் மட்டைப் பையைச் சுமந்து உடன் செல்பவராக இருந்து 1991இல் இந்தியன் ஓப்பனை வென்ற அலி ஷேர், அதேபோல் கேடியாகத் தொடங்கி 2009இல் அதே பட்டத்தை வென்ற பெங்களூர் முனியப்பா ஆகியோரை நான் மிகுந்த மரியாதையோடு நினைக்கிறேன். ஆனால் கேடிகள் கற்கும் விதத்தைக் கவனிக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் நல்ல ஆட்டக்காரர்களை அருகில் நின்று பார்க்கிறார்கள். கிடைத்த மட்டையை எடுத்து, பந்து போவதைப் பார்த்துத் தாமே திருத்திக்கொள்கிறார்கள். ஒவ்வொரு அடிக்கும் ஒருவர் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்லி அவர்கள் வளர்வதில்லை. வார இறுதியில் மட்டும் ஆடப்போகும் நமக்கு அந்த நெடிய பயிற்சி கிடைக்காது. உங்கள் மூத்தவர் நல்ல தாளத்தில் ஆடுபவராக இருந்தால், பேசாமல் ஆடி உங்களைப் பார்க்க விடுவது அவர் செய்யக்கூடிய பெரிய உதவி.

அவர் கற்றுத்தர வேண்டியவை வேறு நிறைய இருக்கின்றன. அவற்றைக் கற்பிக்கப் பயிற்சியாளருக்கு நேரமும் இருப்பதில்லை. ஒருவர் மட்டையை வீசும்போது எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக் கூடாது. பந்து ஆட்களை நோக்கிப் போனால் தயங்காமல் 'ஃபோர்' என்று உரக்கக் கத்த வேண்டும். முன்னால் ஆடுபவர்கள் எட்டாத தூரம் போகும்வரை அடிக்கக் கூடாது. பங்கர் என்னும் மணல்குழியில் அடித்தால், மணலைச் சமன்செய்துவிட்டே வெளியேற வேண்டும். கிரீனில், அதாவது இலக்குக் குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையில், பந்து விழுந்து ஏற்பட்ட பள்ளத்தைச் சரிசெய்ய வேண்டும். அங்கே அடுத்தவர் குழியை நோக்கிப் பந்தை உருட்டப்போகும் (பட்டிங்) கோட்டை மிதிக்கக் கூடாது. இவையெல்லாம் கூடவே நடந்து காட்டினால்தான் மனத்தில் பதியும். எத்தனை அடி அடித்தோம் என்பதைத் தனக்குச் சாதகமில்லாதபோதும் சரியாகச் சொல்லும் பழக்கமும் நல்ல துணையோடு ஆடினால்தான் வரும். ஒரு பந்து புதரில் விழுந்ததும் முகம் சிவக்கிறவரோடு ஆடத் தொடங்கினால், ஆட்டத்தை விட்டுவிடத்தான் தோன்றும். ஆகவே முதல் துணை யார் என்பதும் பயிற்சியாளர் யார் என்பதற்கு நிகரான கேள்வியே.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2022 சனவரி முதல் நடைமுறையில் இருக்கும் அமெச்சூர் தகுதி விதிகளின்படி, கற்பிப்பதற்குக் கட்டணம் வாங்கினால் அந்தத் தகுதி போய்விடும். தேசியச் சங்கம் முன்கூட்டி ஒப்புதல் தந்த திட்டங்கள் போன்ற சில விதிவிலக்குகளே உண்டு. ஆகவே உங்கள் மூத்தவர் கையில் பணம் எதையும் திணிக்காதீர்கள். போட்டிச் சுற்று நடக்கும்போது உடன் ஆடுபவருக்கு, அவர் தன் அணித்துணையாக இல்லாவிட்டால், எந்த மட்டையை எடுப்பது, எப்படி அடிப்பது என்று அறிவுரை சொல்வதும் குற்றம். மொத்த அடிகளை எண்ணி வெற்றியாளரைத் தீர்மானிக்கும் அடிக்கணக்கு முறையில் அதற்குத் தண்டனையாக 2 அடி கூட்டப்படும்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். காட்பாடியில் காலை ரயில் ஏறினால் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்ப் பயிற்சி முடித்து இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம். பயிற்சியாளரைத் தேர்ந்தெடுக்கும்போது, அவர் எந்தப் போட்டியில் வென்றார் என்பதைவிட, இந்திய கோல்ஃப் சங்கத்தின் கீழ் இயங்கும் தேசிய கோல்ஃப் அகாதமியின் பயிற்றுநர் சான்றிதழ் வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். தொடக்கத்தில் சில வாரங்களுக்கு ஒருமுறை ஒரு பாடம் போதும். மட்டைகள் வாங்க அவசரப்படாமல், அங்கே தரும் மட்டைகளிலேயே பழகுங்கள். முடிந்தால் மூத்தவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். பயிற்சியாளர் சொன்ன இரண்டு மூன்று செய்திகளைக் குறித்துக்கொண்டு, மாடி வலையில் நீங்கள் அவற்றைச் செய்கிறீர்களா என்று மட்டும் பார்க்கும்படி அவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். புதிதாக ஏதேனும் தவறு தெரிந்தால், அவரே திருத்த முயலாமல், பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் கைப்பேசியில் படம் பிடித்துப் பயிற்சியாளருக்கு அனுப்பிவிடட்டும். இந்த ஏற்பாட்டை மூத்தவரிடம் தயங்காமல் சொல்லுங்கள். உங்களை ஆட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்ற அவருடைய விருப்பம் உண்மையாக இருந்தால், அவர் இதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.