ஆயில் மாற்றிய பிறகு பிரஷர் முள் இறங்கினால் இன்ஜின் போய்விட்டது என்று அர்த்தமா?

உங்கள் கேள்வி இதுதான்: பழைய டீசல் ஜீப்புக்கு ஆயிலும் ஃபில்டரும் மாற்றினீர்கள், அதுவரை வண்டி சூடேறி ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல், நிற்கும்போது 2 பார் (அழுத்தத்தின் அலகு) காட்டிய ஆயில் பிரஷர் முள் இப்போது ஒன்றரைக்கு இறங்கிவிட்டது, மெக்கானிக் "ஒன்றுமில்லை" என்கிறார், நம்பலாமா? நம்பலாம், ஆனால் இரண்டு விஷயங்களை நீங்களே பார்த்துவிட்டு நம்புங்கள்.

ஆயில் பம்ப் ஆயிலைத் தள்ளுகிறது. அழுத்தத்தை அது நேரடியாக உண்டாக்குவதில்லை. அப்படித் தள்ளப்பட்ட ஆயில் கிராங்க் ஷாஃப்டைத் (இன்ஜினின் சுழலும் முக்கியத் தண்டு) தாங்கும் பேரிங்குகளின் மெல்லிய இடைவெளிகள் வழியே வெளியேறும்போது எவ்வளவு தடை ஏற்படுகிறதோ, அதுவே மீட்டரில் அழுத்தமாகத் தெரிகிறது. ஆகவே ஆயில் தடித்திருந்தால் முள் ஏறும்; இளகியிருந்தால் இறங்கும். சாதாரணமான 15டபிள்யூ-40 கிரேடு ஆயிலின் பாகுத்தன்மை (தடிமன்) 40 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 110 சென்டிஸ்டோக்ஸ் (பாகுத்தன்மையின் அலகு) இருக்கும் என்றால், 100 டிகிரியில் அது 14 அல்லது 15 ஆகச் சுருங்கிவிடும். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் 4 பாருக்கு மேல் தாவும் அதே முள், ஒரு மணி நேரம் ஓட்டியபின் சிக்னலில் நிற்கும்போது ஒன்றரையில் படுத்துக்கிடப்பதற்குக் காரணம் இதுதான்.

எனவே நேற்றைய அளவையும் இன்றைய அளவையும் ஒப்பிடுவதற்கு முன், இரண்டு நாளும் ஆயில் ஒரே சூட்டில் இருந்ததா, ஆர்பிஎம் (இன்ஜின் ஒரு நிமிடத்தில் சுற்றும் சுற்றுகள்) ஒன்றுதானா என்று பாருங்கள். இங்கே பலரும் ஏமாறுவது தண்ணீர் வெப்ப முள்ளைப் பார்த்துத்தான். அது நடுவுக்கு வந்தவுடன் இன்ஜின் சூடாகிவிட்டது என்று நினைக்கிறோம். சம்ப்பில் (இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) உள்ள ஆயில் முழுச் சூட்டை எட்ட அதற்குப் பிறகும் பத்துப் பதினைந்து நிமிட ஓட்டம் தேவைப்படும்.

இதையெல்லாம் சரிபார்த்த பிறகும் முள் குறைவாகத்தான் நிற்கிறது என்றால், டீசல் வண்டியில் அதற்கு நியாயமான காரணம் உண்டு. நெடுநாள் ஓடிய டீசல் ஆயிலில் புகைக்கரி கலந்து அதைத் தடிமனாக்கிவிடும். அதை வடித்துவிட்டு அதே கிரேடில் புது ஆயில் ஊற்றினாலும் அழுத்தம் சற்று இறங்கவே செய்யும். இதுவரை நீங்கள் பெருமையாகப் பார்த்துவந்த 2 பாரில் ஒரு பங்கு அந்தக் கரியின் உபயமாகவும் இருக்கலாம். முன்பு அதைவிடத் தடித்த 20டபிள்யூ-50 ஊற்றிவந்து இப்போது 15டபிள்யூ-40 ஊற்றியிருந்தால் இறக்கம் இன்னும் தெளிவாகத் தெரியும். முள்ளை மேலே ஏற்றுவதற்காகவே தடித்த ஆயிலுக்குத் திரும்பிப் போவதை நான் ஏற்கமாட்டேன். அழுத்தம் கூடுதலாகத் தெரியும்போது பேரிங்குக்குப் போய்ச்சேரும் ஆயில் கூடுதலாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

நீங்கள் பார்க்க வேண்டிய முதல் விஷயம், நன்றாகச் சூடேறிய இன்ஜினை 2000 ஆர்பிஎம்மில் பிடித்து வைத்தால் முள் எங்கே நிற்கிறது என்பது. ஆயிரம் ஆர்பிஎம்முக்குப் 10 பி.எஸ்.ஐ., அதாவது 0.7 பார், என்பது பட்டறைகளில் புழங்கும் பழைய கணக்கு, அதன்படி 1.4 பாருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். வண்டியின் கையேட்டில் வேறு அளவு போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். டேஷ்போர்டில் ஆயில் அழுத்தத்துக்கான சிவப்பு எச்சரிக்கை விளக்கு எரியவில்லை என்பதை மட்டும் வைத்துத் திருப்தியடைய வேண்டாம். பெரும்பாலான வண்டிகளில் அழுத்தம் 0.3 முதல் 0.5 பார் வரை சரிந்த பிறகுதான் அது எரியும். டேஷ்போர்டு முள்ளையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. மாஸ்டா எம்எக்ஸ்-5 காரில் தொடக்கத்தில் உண்மையான பிரஷர் மீட்டர் இருந்தது. 1995 முதல், அழுத்தம் ஓரளவு இருந்தாலே முள் நடுவில் போய் நின்றுகொள்ளும்படி மாற்றிவிட்டார்கள். சந்தேகமிருந்தால் சென்ஸாரைக் கழற்றி, அந்தத் துளையில் மெக்கானிக்கல் கேஜை (அழுத்தத்தை நேரடியாகக் காட்டும் மீட்டர்) மாட்டி அளக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது விஷயம், வண்டிக்கு அடியில் உள்ள தரை. ஒருமுறை நானே ஃபில்டர் மாற்றியபோது பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜின் பிளாக்கிலேயே ஒட்டிக்கொண்டிருந்ததைக் கவனிக்காமல், அதன்மேலேயே புது ஃபில்டரை முறுக்கிவிட்டேன். ஸ்டார்ட் செய்த மூன்று நான்கு விநாடிகளில் விளக்கு அணைந்தது, முள்ளும் கம்பீரமாக ஏறி நின்றது. தற்செயலாகக் குனிந்து பார்த்தபோது முன் ஆக்சிலுக்கு அடியில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஆயில் தேங்கியிருந்தது. சம்ப் வற்றி பம்ப் காற்றை உறிஞ்சத் தொடங்கும்வரை மீட்டர் இதைச் சொல்லவே சொல்லாது. எனவே பத்து நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, சமதரையில் சற்று நேரம் நிறுத்திவைத்து டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) ஆயில் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஃபில்டரைச் சுற்றி விரலால் தடவியும் பாருங்கள். விரல் காய்ந்தே இருந்து, 2000 ஆர்பிஎம் அளவும் சரியாக இருந்தால், உங்கள் மெக்கானிக் சொன்னது சரிதான்.