கதாநாயகனுக்கு நேரமில்லாத ஊர்

அன்புள்ள அக்கா,

நாங்கள் நான்கு நண்பர்கள் சேர்ந்து ஆர்பிஜி மேக்கர் என்ற கேம் செய்கிற மென்பொருளில் ஒரு கேம் செய்துகொண்டிருக்கிறோம். கற்பனையான துறைமுக நகரம்தான், ஆனால் பார்த்தவுடனேயே திருகோணமலை என்று தெரியும். கோட்டை, அதற்குள் மான்கள், கடலுக்கு மேலே மலைக்கோயில், குடாவின் அக்கரைக்குப் போக ஒரு பாதை, அதாவது ஆட்களை ஏற்றி இழுக்கிற மிதவைப் படகு. இரண்டாம் பாகத்தில் அந்தக் குடாவுக்குப் பாலம் வந்துவிடும். விளையாடிப் பார்த்தவர்கள் கதையும் சண்டைகளும் நல்லது என்கிறார்கள். குறை ஒன்றுதான்: "ஊர் வடிவா இருக்கு, ஆனா சனம் உயிரில்லாமல் நிக்குது." சந்தையில் மட்டும் அறுபது பேரை நிறுத்தியிருக்கிறோம், ஆளுக்கு மூன்று வசனம். இன்னும் ஆட்களைக் கூட்டுவதா? ஏஐயை இணைத்து, அவர்களை எதைப் பற்றியும் பேசவிடலாம் என்று ஒரு நண்பன் சொல்கிறான். வசனங்களை எழுத்துத் தமிழில் வைப்பதா, பேச்சுத் தமிழில் வைப்பதா என்பதிலும் எங்களுக்குள் சண்டை. சந்தையின் வசனங்களை இத்துடன் அனுப்புகிறேன்.

ர.,
உவர்மலை, திருகோணமலை

*

அன்புள்ள தம்பி,

நீங்கள் அனுப்பிய வசனங்களை முழுவதும் வாசித்தேன். மீன்காரி, "வடக்குக் குகையில் பூதம் இருக்கிறது" என்கிறாள். பூ விற்கிறவர், "வீரனே, கோட்டைக்குப் போ" என்கிறார். தேத்தண்ணிக் கடைக்காரர் கதாநாயகனின் தகப்பனைப் புகழ்கிறார். அறுபது பேர் இருக்கிறார்கள், ஒருவருக்கும் உங்கள் கதாநாயகனைத் தவிர வேறு யோசனை கிடையாது. அவன் வந்து நின்றது ஒருவருக்குக்கூட இடைஞ்சலாக இல்லை. மீன் செதிலைச் சுரண்டிக்கொண்டிருக்கிற பெண்ணிடம் நடுச்சந்தையில் போய்ப் பூதத்தைப் பற்றிக் கேட்டால், "தள்ளி நில்லுங்கோ, தண்ணி தெறிக்கும்" என்றுதான் முதலில் சொல்லுவாள். அந்த வரி உங்கள் சந்தையில் இல்லை.

கதாநாயகனுக்காகக் காத்திருக்காத மனிதர்தான் பின்னணியில் உயிரோடு தெரிவார். அவருக்கென்று ஒரு வேலை இருக்கும், அந்த வேலை முடிவதற்கு ஒரு நேரம் இருக்கும், அவர் எதிர்பார்த்திருக்கிற ஒருவர் இருப்பார், அந்த ஒருவர் நீங்கள் இல்லை. இந்தக் கடிதத்துக்கு நான் சொல்ல வேண்டிய பதில் இவ்வளவுதான். மிச்சமெல்லாம் இதை எப்படிச் செய்வது என்பது.

நீங்கள் எழுதியிருக்கும் வகை வசனத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு, அது நியாயமான சரித்திரமும்கூட. 1986இல் எனிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட முதல் ட்ராகன் குவெஸ்ட் கேம் முழுக்க 64 கிலோபைட்டுக்குள் அடங்கியது. இன்றைக்குக் கைபேசியில் எடுக்கிற ஒரு படம் அதைவிடப் பல மடங்கு பெரியது. அந்த இடத்துக்குள் ஊராருக்கு வாழ்க்கை வைக்க வழியில்லை. வழி சொல்லவும் எச்சரிக்கை செய்யவும் மட்டும்தான் அவர்களால் முடிந்தது. அந்தக் கட்டாயம் போய் எத்தனையோ வருடமாகிறது. பழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது.

ஆனால் அடுத்த இரண்டு வருடத்துக்குள்ளேயே வேறொரு பாதையும் திறந்துவிட்டது. 1988இல் வந்த அல்டிமா ஐந்து என்ற கேமில் ரிச்சர்ட் கேரியட்டின் குழு ஊராருக்கு நாள் முழுவதற்கும் நேர அட்டவணை போட்டது. காலையில் கடைக்குப் போவார்கள், சாப்பாட்டு நேரத்துக்கு எழுந்து போவார்கள், இரவில் படுப்பார்கள். பிந்தி வந்தால் கடை பூட்டு. 1992இல் வந்த ஏழாவது அல்டிமாவில் மாவைப் பிசைந்து, போறணையில் வைத்து, பாண் சுட்டு எடுக்கலாம். பேக்கரிக்காரர் அதற்குக் கூலியும் கொடுப்பார். உலகத்தைக் காப்பாற்ற வந்தவன் பாண் சுட்டுக் கூலி வாங்குகிறான்! விளையாடியவர்களுக்கு அது இன்னும் நினைவிருக்கிறது என்றால், ஊர் தன் பாட்டில் பசித்துச் சாப்பிடுகிறது என்பதை அவர்கள் தங்கள் கையாலேயே தொட்டுப் பார்த்ததால்தான்.

நீங்கள் கட்டாயம் விளையாட வேண்டிய ஒன்று, 2000இல் நின்டென்டோ வெளியிட்ட செல்டா வரிசையின் மஜோராஸ் மாஸ்க். மூன்று நாளில் நிலா விழுந்து ஊர் அழியப்போகிறது. அந்த மூன்று நாளும் திரும்பத் திரும்ப வரும். ஊரில் ஒரு தபால்காரர் இருக்கிறார். இன்ன நேரத்துக்கு இன்ன பெட்டியில் கடிதம் எடுப்பது, இன்ன வீட்டில் கொடுப்பது என்று ஓடிக்கொண்டே இருப்பார். முதலில் அவரைக் கவனிக்கக்கூட மாட்டீர்கள். மூன்றாம் நாள் இரவு ஊர்ச்சனம் பெரும்பாலும் ஓடிவிடுகிறது, நிலா தலைக்கு மேலே வந்து நிற்கிறது. தபாற்கந்தோருக்குள் போய்ப் பாருங்கள். அந்த மனிதர் நடுங்கிக்கொண்டு அங்கேயே இருக்கிறார். ஓட வேண்டும் என்று ஆசை. ஆனால் ஓடுவது அவருடைய அட்டவணையில் இல்லை. நீங்கள் ஓர் அவசரக் கடிதத்தை அவர் கையில் கொடுத்தால், அதைச் சேர்க்க வேண்டிய அம்மாவிடம் சேர்ப்பார். அந்த அம்மா "நீயும் ஓடு" என்று உத்தரவு போட்ட பிறகுதான் தொப்பியைக் கழற்றி உங்களிடம் தந்துவிட்டு ஊரைவிட்டுப் போவார்.

இந்த உதவியால் நிலா நிற்காது, உலகம் தப்பாது. ஒரு கடமைக்காரருக்கு விடுதலை கிடைக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த நிலா விழுந்தால் என்ன நட்டம் என்பதை எனக்குப் புரியவைத்தவர் அவர்தான். இரண்டு நாளாக அவர் ஓடிய ஓட்டத்தைப் பார்த்த பிறகுதானே அவருடைய நடுக்கத்துக்குப் பெறுமதி வருகிறது. உங்கள் கேமிலும் இப்படித்தான்: பழக்கத்தை முதலில் காட்டுங்கள், பிறகு ஒரு நாள் அதை முறியுங்கள்.

இதற்குப் பெரிய குழு வேண்டும் என்று நினைக்காதீர்கள். அந்த கேமை ஏறத்தாழ ஒரு வருடத்தில் முடித்தார்கள். 1998இல் வந்த முந்தைய செல்டாவின் பாத்திர உருவங்களையே பெரும்பாலும் எடுத்து வேறு ஆட்களாக்கினார்கள். 2016இல் வந்த ஸ்டார்டியூ வேலி என்ற விவசாய கேமை எரிக் பரோன் தனியொருவராகச் செய்தார். அதில் ஊராரின் நடமாட்டம் பருவத்துக்கும் கிழமைக்கும் மழைக்கும் ஏற்ப மாறும். விதை வாங்கப் புதன்கிழமை போனால் பலசரக்குக் கடை பூட்டு. விளையாடுகிறவர் எரிச்சலோடு திரும்பிப் போவார். அந்த எரிச்சலைப் பயப்படாமல் கொடுங்கள், அதில் அந்தக் கடைக்காரருக்கு ஒரு வாழ்க்கை கிடைக்கிறது.

அட்டவணை இருந்தால் மட்டும் போதாது என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2006இல் வந்த ஆப்ளிவியன் என்ற கேமில் ஊராரெல்லாம் சொந்தமாக முடிவெடுத்துச் சாப்பிடவும் தூங்கவும் சந்திக்கவும் பெதஸ்டா நிறுவனம் ஒரு முறையையே உருவாக்கியது. நடமாட்டம் அருமை. பேச்சுத்தான் காலை வாரியது. தெருவில் சந்திக்கிற இருவர் பொதுவான வரிகளைக் கோத்துப் பேசுவார்கள், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல், திடீரென்று விடைபெற்றுப் போய்விடுவார்கள். இன்றைக்கும் ஆட்கள் அதை நடித்துக் காட்டிச் சிரிக்கிறார்கள். அந்த இருவருக்கும் இடையில் எதுவும் நடந்திருக்கவில்லை, அதனால்தான். கடன் இல்லை, கோபம் இல்லை, கலியாணப் பேச்சு இல்லை.

இனி உங்கள் ஊருக்கு வருகிறேன். எங்கள் தெருக்களில் பாண் ஓட்டோ வருகிறதே, பீத்தோவனின் அந்த மெட்டைப் போட்டுக்கொண்டு. அது வருகிற நேரத்தை யாரும் எழுதி வைப்பதில்லை. ஆனால் அது வராத நாளில் தெருவே படலையடிக்கு வந்து எட்டிப் பார்க்கும். உங்கள் நகரத்தில் ஒரு பாண் வண்டியை வையுங்கள். விளையாடுகிறவர் சந்தையில் நிற்கும்போதெல்லாம் அந்த மெட்டு தூரத்தில் கேட்கட்டும். கடற்கொள்ளையர் துறைமுகத்தை அடைக்கிற அத்தியாயம் உங்களிடம் இருக்கிறது. இப்போது அதைத் தளபதி நீளமாகப் பேசி அறிவிக்கிறார். அதை வெட்டிவிடுங்கள். அன்றைக்கு மெட்டுக் கேட்கக்கூடாது. படலையில் நிற்கிற ஒரு பெண் பக்கத்து வீட்டுக்காரியிடம், "மா கப்பல் உள்ளுக்கு வரேல்லையாம். பிள்ளையளுக்கு இரவைக்கு என்ன குடுக்கிறது?" என்று கேட்கட்டும். கதாநாயகனிடம் கேட்கக்கூடாது, அவன் கடந்து போகும்போது காதில் விழ வேண்டும். முற்றுகை என்றால் என்ன என்று தளபதியின் பேச்சைவிட அவளுடைய கேள்வி தெளிவாகச் சொல்லும்.

பாலத்தையும் இதே கண்ணால் பாருங்கள். திருகோணமலையின் கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தது, 396 மீற்றர். அதற்கு முன்னர் அந்த வழியால் போக வேண்டுமென்றால் பாதைக்குக் காத்து நிற்க வேண்டும். காத்து நிற்கிற இடத்தில்தானே வியாபாரமும் ஊர்ப்பேச்சும் நடக்கும். உங்கள் முதற் பாகத்தில் பாதையடியில் கச்சான் (நிலக்கடலை) விற்கிற ஒரு கச்சான்காரி இருக்கிறாள். நல்ல பாத்திரம், அவளை எனக்குப் பிடித்திருக்கிறது. இரண்டாம் பாகத்தில் பாலம் வந்த பிறகும் அதே இடத்தில் நின்று, "பாதை வருது, கெதியா வாங்கோ" என்கிறாள்! பாலத்தால் ஊருக்கு நன்மைதான். ஆனால் அவளுடைய வியாபாரம் என்ன ஆனது? பாலத்தின் முனைக்குக் கடகத்தைத் தூக்கிக்கொண்டு போனாளா? நிற்காமல் போகிற வாகனங்களைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாளா? பாதையை இழுத்தவர் அவளிடம் கடனுக்குக் கச்சான் வாங்கித் தின்றவர் என்றால், வேலை போன பிறகு அந்தக் கடன் என்னவாகும்? மூன்று வரியில் எழுதலாம். 2004இல் பால்கம் நிறுவனம் தொடங்கிய ட்ரெயில்ஸ் கேம் வரிசையில் கதை ஒரு படி நகர்ந்ததும் ஊராரின் பேச்செல்லாம் மாறிவிடும். அந்த வரிசைக்கு இவ்வளவு விசுவாசமான இரசிகர்கள் இருப்பதற்கு இது பெரிய காரணம். கதையில் ஏதாவது நடந்த உடனே அவர்கள் ஊரைச் சுற்றி ஒவ்வொருவரிடமும் மறுபடி போய்ப் பேசிப் பார்க்கிறார்கள்.

ஆகவே, ஆட்களைக் கூட்ட வேண்டாம். குறையுங்கள். அறுபதில் ஒரு பன்னிரண்டு பேரைத் தெரிவு செய்யுங்கள். மற்றவர்கள் பேசாமல் நடந்து திரியட்டும், சந்தையில் அதற்கும் ஆள் தேவைதான். இந்தப் பன்னிரண்டு பேரையும் ஒருவரோடொருவர் முடிச்சுப் போடுங்கள். மீன்காரியின் மருமகன் சம்மாட்டியின் (வலைச் சொந்தக்காரரின்) கரைவலையில் வேலை செய்கிறான், பூ விற்கிறவருக்கும் தேத்தண்ணிக் கடைக்காரருக்கும் பேச்சுவார்த்தை இல்லை, இப்படி. ஆர்பிஜி மேக்கரில் ஒரு பாத்திரத்துக்குப் பல வசனப் பக்கங்கள் வைத்து, சுவிட்ச் போட்டால் பக்கம் மாறும் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கதையின் பெரிய நிகழ்வு ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவிட்ச், ஆளுக்கு ஒரு புதிய பக்கம். நாள் முழுக்க அவர்களை உண்மையாகவே நடக்கவிடத் தேவையில்லை. விளையாடுகிறவர் அந்த இடத்துக்குள் நுழையும்போது நேரத்தைப் பார்த்து, இருக்க வேண்டிய இடத்தில் ஆளை வைத்தால் போதும். காணாத நேரத்தில் அவர் எங்கே இருந்தார் என்று யாரும் கேட்கப்போவதில்லை.

உங்கள் கேமில் பருவமும் மாறுகிறது என்று வசனங்களில் கண்டேன். அப்படியானால் கடற்கரையும் மாற வேண்டும். சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று வீசுகிற மாதங்களில் மேற்குக் கடல் கொந்தளிக்கும். நீர்கொழும்பு, சிலாபப் பக்கத்து மீனவர்கள் எங்கள் கரைக்கு வந்து வாடி (தற்காலிகக் குடில்) அடிப்பார்கள். வாடை என்கிற வடகிழக்குக் காற்று தொடங்கினால் போய்விடுவார்கள். வாடி நின்ற இடம் வெறும் மணலாகக் கிடக்கும். யாரும் எதுவும் சொல்லாமலே காலம் போனது தெரியும்.

ஏஐ பற்றிக் கேட்டீர்கள். என் அபிப்பிராயம், வேண்டாம். எதைக் கேட்டாலும் எவ்வளவு நேரமும் பதில் சொல்கிற மீன்காரி, உங்களுக்காகவே நாள் முழுக்கச் சும்மா நிற்கிறவள். இப்போது இருக்கிற குறை அதனால் இன்னும் பெருக்கும். மூன்றாம் தடவை பேச்சுக் கொடுத்தால், "தம்பி, எனக்கு வேலை கிடக்கு" என்று திரும்பிக்கொள்கிறவளை எழுதுங்கள்.

வசனம் பேச்சுத் தமிழில்தான் இருக்க வேண்டும், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அரசனும் ஏட்டுச் சுவடிகளும் எழுத்துத் தமிழில் பேசட்டும், சந்தை பேசக்கூடாது. முக்கியமாக, ஒவ்வொருவரும் மற்றவரை என்னவென்று கூப்பிடுகிறார் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். எங்கள் சந்தையில் ஒரு மரக்கறிக்காரர் ஒரே மூச்சில் ஒருவரைத் "தங்கச்சி" என்பார், அடுத்து நிற்கிற முஸ்லிம் அண்ணரை "நானா" என்பார், அதற்கடுத்து நிற்பவரை "மாத்தயா" என்று சிங்களத்தில் அழைத்து விலை சொல்லுவார். இதை எழுதினால், அவர் எத்தனை வருடமாக அந்த இடத்தில் கடை போடுகிறார் என்று தனியாக எழுத வேண்டியதில்லை. உங்கள் கதாநாயகனை அவர் முதலில் "ஐயா" என்று அழைக்கட்டும். எந்த நாளில், எதற்குப் பிறகு "தம்பி" என்று மாறுகிறார் என்பதை நீங்கள் நால்வரும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். "வீரனே" என்பதை மட்டும் எல்லார் வாயிலிருந்தும் எடுத்துவிடுங்கள்.

முழு கேமையும் உடனே திருத்தப் போகவேண்டாம். சந்தையையும் பாதையடியையும் மட்டும் மாற்றி அனுப்புங்கள், விளையாடிப் பார்த்து விபரமாக எழுதுகிறேன். கச்சான்காரியின் கடன் என்ன ஆனது என்று அறிய எனக்கு உண்மையாகவே ஆவலாக இருக்கிறது.

அன்புடன்,
அக்கா