மரத்தவளைக்கு எந்தப் பூச்சியைக் கொடுக்கலாம்?

கேள்வி: பச்சை மரத்தவளை ஒன்றை வளர்க்கிறேன். இதுவரை கடையில் விற்கும் மாவுப்புழுவை மட்டுமே கொடுத்துவந்தேன். இரவில் வாசல் விளக்கைச் சுற்றி ஏராளமான பூச்சிகள் மொய்க்கின்றன. அவற்றைப் பிடித்துப் போட்டால் இயற்கையான உணவாக இருக்குமே என்று தோன்றுகிறது. அப்படிச் செய்யலாமா?

பதில்: வேண்டாம். காட்டுத் தவளை இவற்றைத்தானே தின்கிறது என்ற உங்கள் எண்ணம் நியாயமானதே. ஆனால் விளக்கைத் தேடி வந்த பூச்சி, அதற்கு முன்பு மருந்து தெளித்த எந்தச் செடியில் உட்கார்ந்திருந்தது என்பதை நம்மால் அறிய முடியாது. பூச்சிக்கொல்லி பட்ட பூச்சி எல்லா நேரமும் உடனே செத்துவிடுவதில்லை. சில வேளை தள்ளாடித் தள்ளாடி நகர்ந்துகொண்டிருக்கும், அந்த நிலையில் தவளையிடம் மிக எளிதாக அகப்பட்டும் விடும். இதைத் தவிர, வெளியில் பிடிக்கும் பூச்சிகள் வழியாக ஒட்டுண்ணிப் புழுக்களும் தவளையின் குடலுக்குள் நுழையக்கூடும்.

மின்மினியை மட்டும் தனியாகக் குறிப்பிட்டாக வேண்டும். சில மின்மினி இனங்களின் உடலில், தேரை நஞ்சுக்கு நெருங்கிய உறவுள்ள, இதயத்தைத் தாக்கும் நச்சுப்பொருள் இருக்கிறது. வளர்ப்புப் பல்லிகள் அவற்றைத் தின்று இறந்திருக்கின்றன. கம்பளிப்பூச்சி, பொறிவண்டு, நாவாய்ப்பூச்சி, பளபளவென்று கண்ணைப் பறிக்கும் நிறமுள்ள வண்டுகள் ஆகியவற்றையும் தவிர்த்துவிடுங்கள். தொட்டியில் அடைபட்ட தவளை, வாய்க்கு அடங்கும் அளவில் எது அசைந்தாலும் பாய்ந்து விழுங்கிவிடும். எதை உள்ளே விடுவது என்ற தேர்வு முழுக்க முழுக்க உங்கள் கையில்தான் இருக்கிறது.

தீனிக்கென்றே பண்ணைகளில் வளர்க்கப்படும் சுவர்க்கோழிகளையும் டூபியா கரப்பான்களையும் அன்றாட உணவாக வைத்துக்கொள்ளுங்கள். இடையிடையே பட்டுப்புழுவும், மருந்து படாத மண்ணில் வளர்ந்த மண்புழுவும் கொடுக்கலாம். மாவுப்புழுவின் மேல்தோல் கெட்டியானது, அதில் சுண்ணாம்புச் சத்தும் குறைவு. ஆகவே எப்போதாவது ஒன்றிரண்டு போதும். மெழுகுப்புழு வெறும் கொழுப்பு. தவளை அதை விரும்பித் தின்னும் என்பதாலேயே அளவோடு கொடுக்க வேண்டும்.

அளவைப் பொறுத்தவரை, தவளையின் இரு கண்களுக்கும் இடைப்பட்ட அகலத்தைவிடப் பூச்சி பெரிதாக இருக்கக் கூடாது.

இனி, பலரும் கவனிக்கத் தவறும் விஷயத்துக்கு வருகிறேன். பண்ணைப் பூச்சி நஞ்சற்றது என்பதாலேயே அது சத்தானது என்று ஆகிவிடாது. தவளையின் உணவில் பாஸ்பரஸைவிடக் கால்சியம் கூடுதலாக, ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மடங்கு இருப்பது நல்லது. சுவர்க்கோழியிலோ இது தலைகீழாக, பாஸ்பரஸே பல மடங்கு மிகுந்திருக்கிறது. இந்தக் குறை மாதக்கணக்கில் தொடர்ந்தால் தவளையின் உடல் தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுக்கத் தொடங்கும். தாடை மென்மையாகும், கால்கள் வளையும், விரல்கள் துடிக்கும். கருப்பு சிப்பாய் ஈயின் புழுவில் மட்டும் இயல்பாகவே கால்சியம் நிறைந்திருக்கிறது என்பதால், அதையும் உங்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மற்ற பூச்சிகளுக்கு இரண்டு வேலைகளை நாம் செய்தாக வேண்டும். முதலாவதாக, தவளைக்குக் கொடுப்பதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே அவற்றுக்குக் கீரை, கேரட், கால்சியம் சேர்த்த பூச்சித் தீவனம் ஆகியவற்றை வயிறு நிறையக் கொடுங்கள். பட்டினி கிடந்த சுவர்க்கோழியால் தவளைக்குப் பெரிய பயன் இல்லை. இரண்டாவதாக, தேவையான பூச்சிகளை ஒரு குவளையில் போட்டு, டி3 வைட்டமின் கலந்த கால்சியம் தூளை ஒரு சிட்டிகை தூவி, மெல்லிய வெள்ளைப் பூச்சு படியும்வரை குவளையை மெதுவாகச் சுழற்றுங்கள். சுவர்க்கோழி தன் கால்களையும் உணர்கொம்புகளையும் வாயால் துடைத்துச் சுத்தம் செய்துகொள்ளும் இயல்புடையது. தூவிய தூள் சிறிது நேரத்திலேயே உதிர்ந்துவிடும் என்பதால், தவளை விழித்து இரை தேடத் தொடங்கும் மாலை நேரத்தில், தூவியவுடனேயே தொட்டிக்குள் விடுங்கள்.

கேள்வி: தின்னாமல் மிச்சமாகும் பூச்சிகள் தொட்டியிலேயே இருக்கலாமா? எத்தனை நாளுக்கு ஒருமுறை உணவு கொடுக்க வேண்டும்?

பதில்: இருக்கக் கூடாது. பசித்த சுவர்க்கோழி, உறங்கும் தவளையின் மெல்லிய தோலைக் கடித்துப் புண்ணாக்கிவிடும். கால் மணி நேரத்தில் தின்னாதவற்றை வெளியே எடுத்துவிடுங்கள். வளர்ந்த தவளைக்கு வாரத்தில் இரண்டு மூன்று முறை போதும், குஞ்சுகளுக்கு நாள்தோறும் தேவை. மரத்தவளைகளில் சில இனங்கள் மிக எளிதாகப் பருத்துவிடும். கண்ணுக்குப் பின்னுள்ள மடிப்பு தடித்துச் செவிப்பறையை மூடத் தொடங்கினால் தீனியைக் குறையுங்கள்.

கேள்வி: எங்கள் தவளை நாக்கை நீட்டுகிறது, ஆனால் பூச்சி அதில் ஒட்டுவதில்லை. பூச்சியை மாற்றிப் பார்க்கலாமா?

பதில்: பூச்சியை மாற்றுவதால் மட்டும் இது சரியாகாது. வைட்டமின் ஏ குறையும்போது நாக்கின் மேல்படலம் மாறி, பிசுபிசுப்பான சுரப்பு குன்றிவிடுகிறது. குறி தப்பாத தவளையும் இரையைப் பிடிக்க முடியாமல் மெலிந்துபோகிறது. காப்பகங்களில் வளர்க்கப்பட்ட, அமெரிக்காவின் வயோமிங் தேரைகளிடமும் இந்தக் கோளாறு கண்டறியப்பட்டிருக்கிறது. பூச்சிகளுக்குக் கேரட் கொடுத்து இதை ஈடுகட்டலாம் என்று நம்பியிருக்க வேண்டாம், ஏனெனில் கேரட்டில் இருப்பதை வைட்டமின் ஏ ஆக மாற்றும் திறன் தவளைகளுக்கு மிகக் குறைவு. உடல் மாற்றத் தேவையில்லாத, ரெட்டினால் என்ற வடிவில் இந்த வைட்டமின் உள்ள தூளாகப் பார்த்து வாங்க வேண்டும். இது உடலில் தேங்கி நஞ்சாகவும் கூடியது. எனவே ஊர்வன, நீர்நில வாழ்விகளைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் தாமதமின்றிக் காட்டி, அவர் சொல்லும் அளவில் மட்டுமே கொடுங்கள். அதுவரை மென்மையான பட்டுப்புழுவை, முனை மழுங்கிய இடுக்கியால் பிடித்து, தவளையின் வாய்க்கு மிக அருகில் மெல்ல அசைத்துக் காட்டுங்கள். நாக்கின் உதவியில்லாமல் தாடையாலேயே அதைக் கவ்விக்கொள்ளும்.