வால்ஷை அடிக்க ஆளே இல்லையா?

கேள்வி: பேஸ்பால் சிமுலேஷன் கேமில் 1908-ஆம் வருட பிட்சர் (பந்து வீசுபவர்) எட் வால்ஷை இன்றைய அணியில் சேர்த்தேன். யாராலும் அவர் பந்தை அடிக்க முடியவில்லை, களைப்பதும் இல்லை. நிஜத்திலும் இப்படித்தான் வீசியிருப்பாரா?

பதில்: நிச்சயம் மாட்டார். அந்த ஒரே வருடத்தில் 464 இன்னிங்ஸ், 40 வெற்றி, ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக விட்டுக்கொடுத்த ரன், குறையக் குறைய நல்லது) 1.42, எல்லாம் உண்மைதான். ஆனால் அது ஒரே பந்து அழுக்கேறி மெத்தென்று ஆன பிறகும் அதையே வைத்து ஆடிய காலம், எச்சில் தடவி வீசவும் தடை இல்லை (வால்ஷின் பெரிய ஆயுதமே அதுதான்), ஹோம்ரன் (பந்தை வேலிக்கு வெளியே அடித்து எடுக்கும் ரன்) அபூர்வம் என்பதால் பிட்சர்கள் பாதி வேகத்தில் வீசிக்கொண்டே போய், எதிரணி ஆள் ரன் எடுக்க ஒரு படி மட்டுமே பாக்கியாக மூன்றாம் பேஸில் நிற்கும்போது மட்டும் முழு பலத்தையும் காட்டுவார்கள். இன்று அப்படி மெத்தனமாக ஒரு பந்து போட்டால் வேலிக்கு வெளியேதான் போய் விழும்.

ஈ.ஆர்.ஏ.வை மட்டும் பார்க்காதீர்கள், அந்த வருடம் லீக் சராசரி எவ்வளவு என்று பாருங்கள். வால்ஷின் லீக்கில் அது 2.4-ஐ ஒட்டி இருந்தது. 2000-இல் பெட்ரோ மார்டினெஸ் 1.74 எடுத்தபோது லீக் சராசரி ஏறக்குறைய 4.9! எனக்கு அதுதான் பெரிய சாதனை. பாப் கிப்சனின் 1968-ஆம் வருட 1.12-ஐயும் இப்படித்தான் எடைபோட வேண்டும், பிட்சர்களின் கை அவ்வளவு ஓங்கியிருந்ததால் மறு வருடமே அவர்கள் நின்று வீசும் மேட்டின் உயரத்தை 15 அங்குலத்திலிருந்து 10-ஆகக் குறைத்துவிட்டார்கள்.

சரி, உங்கள் கேமில் காலத்துக்கேற்ப எண்களைச் சரிசெய்யும் வசதி இருந்தால் அதைப் போடுங்கள். அப்புறம் வால்ஷின் ஸ்டாமினாவைக் கையாலேயே குறையுங்கள்.