மரக்குதிரை எங்கே போனது? ஹோமர் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: ஹோமரின் கிரேக்கக் காவியம் இலியத்தை முழுவதும் படித்துவிட்டேன். ட்ராய் நகரை வீழ்த்திய மரக்குதிரையும் இல்லை, கிரேக்க வீரன் அக்கிலீஸின் உடம்பில் காயம்படும் ஒரே இடமான குதிகாலும் இல்லை. என் பிரதியில் பக்கம் விடுபட்டிருக்கிறதா?

பிரதியில் குறை இல்லை. பத்தாண்டு ட்ராய் போரின் கடைசி ஆண்டில் சில வாரங்களைத்தான் இலியத் பாடுகிறது. ட்ராய் இளவரசன் ஹெக்டரின் ஈமச்சடங்கோடு முடிந்துவிடும். குதிரையைப் பற்றி ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிசியில் சுருக்கமாக வரும், விரிவாக வேண்டுமென்றால் ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் ஈனிட், இரண்டாம் காண்டம். காயமே படாதபடி குழந்தை அக்கிலீஸைப் பாதாள நதியான ஸ்டிக்ஸில் முக்கியெடுத்த கதை கி.பி. முதல் நூற்றாண்டு லத்தீன் கவிஞர் ஸ்டேஷியஸிடம் இருக்கிறது. ஹோமரின் அக்கிலீஸ் கையில் ஈட்டி உரசினாலே ரத்தம் வடியும்.

கேள்வி: ஹோமரின் யாப்பை டாக்டில், ஹெக்சாமீட்டர் என்கிறார்களே, நம் யாப்பு தெரிந்தவருக்கு எப்படிச் சொல்வீர்கள்?

'பாடுக' என்று சொல்லிப் பாருங்கள். நெடில், குறில், குறில். அதுதான் டாக்டில். கிரேக்கத்தில் அதற்கு விரல் என்று பொருள்; உங்கள் ஆள்காட்டி விரலைப் பார்த்தால் நீளமான கணு ஒன்று, குட்டைக் கணு இரண்டு. 'தேமா' இரண்டும் நெடில், அது ஸ்பாண்டி. இவ்விரண்டையும் கலந்து அடிக்கு ஆறு சீர் வைத்தால் ஹெக்சாமீட்டர். ஐந்தாம் சீர் பெரும்பாலும் டாக்டிலாக வரும், ஆறாவதில் எப்போதும் இரண்டே அசை. அசைக் கணக்கில் மட்டும் கவனம் வேண்டும்: நம் நிரையசை அவர்களுக்கு இரண்டு அசை. எதுகையை அங்கே தேடாதீர்கள், ஓசையின் நீட்சியும் குறுக்கமும்தான் எல்லாம்.

கேள்வி: அக்கிலீஸ் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் 'விரைகால் அக்கிலீஸ்'தானா? சலிப்பாக இருக்கிறதே.

கண்ணால் படித்தால் சலிக்கும், காதால் கேட்டால் சலிக்காது. பாடகர் ஏட்டைப் பார்த்துப் பாடவில்லை. அடியின் மிச்ச இடத்தில் கச்சிதமாக உட்காரும் அடைமொழிகள் அவர் நாவில் தயாராக இருந்தன. மில்மன் பாரி என்ற அமெரிக்க அறிஞர் இதை ஹோமரின் அடிகளிலேயே காட்டினார். அப்புறம் 1933 முதல் 1935 வரை யூகோஸ்லாவியாவில் வாழ்ந்துகொண்டிருந்த பாடகர்களைப் பதிவு செய்தார். அந்த வெளிச்சத்தில் நம் சங்கப் பாடல்களைப் பார்த்தவர் ஈழத்து அறிஞர் க. கைலாசபதி. அவருடைய ஆங்கில நூல் 1968-இல் வந்தது. புறநானூறு பிடிக்கும் என்றால் அவசியம் தேடிப் படியுங்கள்.

கேள்வி: கடவுள் வாழ்த்து உண்டா?

உண்டு, கலைத்தெய்வமான மியூசைப் பாடச் சொல்லி அழைப்பார்கள். ஆனால் இலியத்தின் முதல் சொல் தெய்வத்தின் பெயர் இல்லை, 'கோபம்'.

கேள்வி: ஒரே ஒரு காண்டம் படிக்கத்தான் நேரம் இருக்கிறது. எது?

கடைசிக் காண்டம், 24. அக்கிலீஸ் கொன்ற மகன் ஹெக்டரின் உடலைக் கேட்டு ட்ராயின் முதிய அரசர் பிரியாம் இரவில் எதிரியின் கூடாரத்துக்கே போகிறார். அக்கிலீஸின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, தன் பிள்ளைகளைக் கொன்ற அந்தக் கைகளை முத்தமிடுகிறார். 'உன் அப்பாவை நினைத்துப் பார்' என்கிறார். இருவரும் அழுகிறார்கள், அவர் ஹெக்டருக்காக, இவன் தன் தந்தைக்காகவும் நண்பன் பத்ரோக்லஸுக்காகவும். பிறகு அக்கிலீஸ் எழுந்து ஓர் ஆட்டை அறுத்துச் சமைக்க வைக்கிறான். மகன் இறந்த நாளிலிருந்து வாயில் எதுவும் வைக்காத பிரியாம் அன்றுதான் சாப்பிடுகிறார்.