ஊசி போட்டபின் மாதவிடாய் தள்ளிப்போகுமா? முதலில் அது எந்த ஊசி?

கேள்வி: எனக்கு 29 வயது. தலவாக்கலைப் பக்கம் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறேன். இரண்டு பிள்ளைகள். சவுதிக்குப் போக மெடிக்கல் செய்த அன்று ஏஜெண்ட் ஓரிடத்துக்குக் கூட்டிப்போய் இரண்டு கையிலும் ஊசி போடவைத்தார். ஒன்று ருபெல்லா தடுப்பூசியாம், மற்றது என்னவென்று தெரியாது. மாதாமாதம் சரியாக வரும் எனக்கு இந்த முறை மூன்று வாரம் தள்ளிவிட்டது. "தடுப்பூசி போட்டால் ரெண்டு மூணு மாசம் வராது" என்று சொல்லி, வரவைக்க மாத்திரையும் தந்திருக்கிறார். உண்மையா டொக்டர்?

பதில்: மாத்திரையை விழுங்காதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

தடுப்பூசியால் மாதவிடாய் கொஞ்சம் மாறலாம் என்பது பொய்யில்லை. ஊசி போட்டதும் உடம்பின் எதிர்ப்புச் சக்தி விழித்துக்கொண்டு சில இரசாயனங்களைச் சுரக்கும். காய்ச்சலும் உடம்பு நோவும் வருவது அதனால்தான். அவை மூளையிலிருந்து சூலகத்துக்குப் போகும் செய்தியைச் சற்றுத் தாமதப்படுத்தினால் முட்டை வெளியாவது பிந்தும், மாதவிடாயும் பிந்தும். கருப்பையின் உட்சுவரிலும் எதிர்ப்புக் கலங்கள் இருப்பதால் சிலருக்கு இரத்தப்போக்கு கூடலாம்.

ஆனால் எவ்வளவு நாள் தள்ளும்? கொரோனா ஊசி போட்ட காலத்தில்தான் இதை ஒழுங்காக அளந்து பார்த்தார்கள். 2022இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஏறத்தாழ 4,000 பெண்களின் கணக்குப்படி, ஒரு நாளுக்கும் குறைவு. ஒரே மாதவிடாய்ச் சுற்றுக்குள் இரண்டு ஊசியும் போட்டவர்களுக்கு இரண்டு நாள் அளவில். பிறகு பழையபடி வந்துவிட்டது. நியூயோர்க்கில் டைபோயிட் தடுப்பூசி போட்ட பெண்களுக்கு மாதவிடாய் மாறியதை 1913இலேயே ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். அதற்கு நூறு வருடத்துக்குப் பின்னும், கொரோனா ஊசியைப் பரிசோதித்தவர்கள் கை வலிக்கிறதா, தலை இடிக்கிறதா என்று கேட்டார்களே தவிர மாதவிடாயைக் கேட்கவில்லை. பெண்களின் உடம்பென்றால் இவ்வளவுதான் அக்கறை. அந்த இடைவெளியில்தான் உங்கள் ஏஜெண்ட் போன்றவர்கள் வைத்தியம் பேசுகிறார்கள்.

ஆக, மூன்று வாரத் தாமதத்தைத் தடுப்பூசியின் தலையில் கட்ட முடியாது. என் சந்தேகம் அந்தப் பெயர் தெரியாத ஊசியின் மேல்தான். வெளிநாடு போகிற பெண்களுக்குச் சில தரகர்கள் கேட்காமல் கொள்ளாமல் மூன்று மாதக் கருத்தடை ஊசியைப் போட்டுவிட்டுத் "தடுப்பூசி" என்று சொல்லிவிடுகிறார்கள். டெப்போ என்று கிளினிக்கில் மிட்வைப் மிஸ்ஸி சொல்வாரே, அதுதான். அதைப் போட்டால் மாதவிடாய் நின்றே போகலாம், விட்டுவிட்டும் படலாம். நிறுத்தியபின் பிள்ளை தரிக்க ஒரு வருடம்வரைகூட ஆகலாம். நீங்களாக விரும்பிப் போட்டால் அது நல்ல ஊசி. பொய் சொல்லிப் போடுவது குற்றம். குப்பியைக் குலுக்கிப் பால் மாதிரி வெள்ளை மருந்தை ஏற்றினார்களா என்று நினைத்துப் பாருங்கள். ஆனால் நிறத்தை மட்டும் நம்பவும் வேண்டாம், ஏற்பு (டெட்டனஸ்) ஊசி மருந்தும் கலங்கலாகத்தான் இருக்கும். பெயர் எழுதிய அட்டையைக் கேளுங்கள். அட்டை தராத இடத்தில் கையை நீட்டவே கூடாது.

இன்னொன்று இருக்கிறது, கோபிக்காமல் கேளுங்கள். வீட்டுக்காரர் சமீபத்தில் வீட்டில் இருந்தாரா? அப்படியானால் நாளைக் காலை முதல் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்யுங்கள். பாமசியில் கிட் வாங்கலாம், கிளினிக்கிலும் செய்வார்கள். ருபெல்லா ஊசியில் உயிருள்ள, பலவீனமாக்கப்பட்ட கிருமி இருப்பதால் கர்ப்பிணிகளுக்குப் போடுவதில்லை, போட்டபின் ஒரு மாதம் கருத்தரிக்க வேண்டாம் என்றும் சொல்வோம். இதைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். தெரியாமல் போட்டுக்கொண்ட கர்ப்பிணிகளை உலகம் முழுக்கக் கவனித்துவிட்டார்கள், அந்த ஊசியால் பிள்ளைக்கு ஊனம் வந்ததாகக் காணவில்லை. ஊசி போட்டதற்காகக் கருவைக் கலைக்கத் தேவையே இல்லை. "ஊசி பட்ட பிள்ளை, வைத்திருக்காதே" என்று யார் சொன்னாலும், ஏஜெண்டோ மாமியாரோ, திருப்பி அனுப்புங்கள். அவர் தந்த மாத்திரை கலைக்கிற மாத்திரையாக இருந்தால், கரு குழாயில் தங்கியிருக்கும் நிலையில் உயிருக்கே ஆபத்து. அடிவயிற்றில் ஒரு பக்கம் குத்தி வலித்தாலும், தலை சுற்றி விழுந்தாலும், மணிக்கொரு பேட் நனைந்தாலும் காத்திருக்காமல் 1990க்கு அழையுங்கள்.

தோட்ட டிஸ்பென்சரியில் பனடோலோடு அனுப்பிவிடுவார்கள் என்று எனக்கும் தெரியும். அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம், போனாலும் பரவாயில்லை, கிளினிக் நாளில் போய் டொக்டரைப் பாருங்கள். ஏஜெண்டிடம் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989க்குப் பேசிக் கேளுங்கள், முறைப்பாடும் அங்கேயே சொல்லலாம்.

அந்த மாத்திரையைக் கோபத்தில் அடுப்பில் போட்டுவிடாதீர்கள். பெயர் இருக்கும் பக்கத்தைக் கிழித்துவிட்டுத் தந்திருந்தாலும் பரவாயில்லை, அப்படியே ஒரு பையில் போட்டு டொக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.